சாவி யார் பையில்? டிராக்டருக்கும் புல்வெட்டிக்கும் நடுவே ஒரு தண்டு

மார்சிலிங்கில் புல் ஓய்வெடுப்பதே இல்லை. ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் மாறிமாறி வரும் ஊர் இது. இன்று வெட்டிய புல் சில வாரங்களில் மறுபடியும் முழங்காலைத் தொடப் பார்க்கும். எங்கள் புளோக்கைச் சுற்றி ஊழியர்கள் தோளில் மாட்டிய இயந்திரத்தால் வெட்டுவார்கள். அகலமான திடல் என்றால் டிராக்டர் வரும். அதன் பின்னால் தட்டையான இரும்புப் பெட்டிபோல் ஒரு புல்வெட்டி இருக்கும். பெட்டிக்கு அடியில் கத்திகள் சுழல, டிராக்டர் போன பாதையில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும்.

டிராக்டரைப் பார்க்கிறோம், புல்வெட்டியைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் சுழலும் தண்டை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கே அது பாடநூலில் உள்ள ஒரு கோட்டுப்படமாகத்தான் தெரிந்திருந்தது. அந்தத் தண்டைப் பூட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆனால், டிராக்டர் வேலையில் உயிருக்கு மிக அருகே போகும் ஐந்து நிமிடங்களில் அதுவும் ஒன்று.

சக்கரத்திலிருந்து விடுதலை

இந்தத் தண்டை ஊரிலும் பட்டறையிலும் பி.டி.ஓ. ஷாஃப்ட் என்கிறார்கள். டிராக்டர் எஞ்சினின் சக்தியை வெளியே எடுத்து, பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுப்பது இதன் வேலை. டிராக்டரின் முதுகில் குட்டையான ஓர் இரும்பு முனை நீட்டிக்கொண்டிருக்கும். புல்வெட்டியின் பல்சக்கரப் பெட்டியிலும் அதேபோல் ஒரு முனை உண்டு. இரண்டையும் இணைப்பதுதான் இந்தத் தண்டு.

இது வருவதற்கு முன்பு, அறுவடைக் கருவியும் புல் அறுக்கும் கருவியும் தங்கள் சக்கரம் தரையில் உருளும் சக்தியை வைத்தே ஓடின. சக்கரம் உருண்டால் கத்தி ஓடும். ஈர நிலத்தில் சக்கரம் வழுக்கினால் கத்தியும் நின்றுவிடும். அடர்ந்த புல்லில் வண்டி மெதுவாகப் போனால் கத்தியும் மெதுவாகவே ஓடும். வேகம் அதிகம் தேவைப்படும் இடத்தில் அது குறைந்துவிடும்.

1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் 8-16 டிராக்டரில் பி.டி.ஓ. வசதியைத் தந்தது. 1920களில் அதன் வேகத்துக்கும் அளவுக்கும் பொது விதி வகுக்கப்பட்டது. அதனால் ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் இன்னொரு நிறுவனத்தின் கருவியைப் பூட்ட முடிந்தது. வண்டி ஊர்ந்தாலும் கத்தி முழு வேகத்தில் சுழலும் வசதி உழவருக்குக் கிடைத்தது. கூடவே, திறந்த வெளியில் சுழலும் ஓர் இரும்புத் தண்டும் வந்து சேர்ந்தது.

ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று

பி.டி.ஓ.வின் பொதுவான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று. டிராக்டர் முனையின் விட்டம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். சுற்றளவைக் கணக்கிட்டால் 110 மில்லிமீட்டர் வரும். அதை ஒன்பதால் பெருக்குங்கள். ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியை அந்த முனையால் சுருட்ட முடியும். தண்டின் மூட்டுகள் அதைவிடப் பருமனானவை. அவை இன்னும் வேகமாகச் சுருட்டும்.

ஆபத்தைக் கண்டு கையை இழுக்க நமக்குக் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் தண்டு இரண்டு முறைக்குமேல் சுற்றி முடித்திருக்கும். பின்னால் இருப்பது பல குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். ஒரு சட்டைக் கையோ ஒரு மனிதரோ சிக்கினால் அதன் வேகம் குறையக்கூடக் குறையாது.

எனவே, இந்த இயந்திரத்தின் முன் உடையும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான். தோளில் தொங்கும் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, புடவை முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், மழைச்சட்டையின் கயிறு ஆகிய எல்லாம் நம் அன்றாட வாழ்க்கையில் சாதாரணமானவை. சுழலும் தண்டுக்கு அவை பிடி கயிறுகள்.

தென்னந்தோப்பில் ஒரு பாடம்

சென்ற டிசம்பர் விடுமுறையில் பட்டுக்கோட்டை அருகே என் தாய்மாமா வீட்டுக்குச் சென்றிருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போதுதான் மரமாகி வருகின்றன. நிழல் குறைவு என்பதால் வரிசைகளுக்கு நடுவே புல் மண்டிக் கிடக்கிறது. மாமா தன் டிராக்டரில் புல்வெட்டியைப் பூட்டப் போவதாகச் சொன்னதும் நானும் கிளம்பினேன்.

தோப்பில் முதல் உத்தரவு எனக்குத்தான். துப்பட்டாவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொண்டு வரச் சொன்னார். அவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரத்தடியில் வைத்தார்.

அதன்பின் அவர் செய்ததை வரிசையாக எழுதிவைத்தேன்.

முதலில், சமமான தரையில் நிற்கும் புல்வெட்டியை நோக்கி டிராக்டரைப் பின்னால் ஓட்டினார். அப்போது இரண்டுக்கும் நடுவில் யாரையும் நிற்க விடவில்லை. நெருங்கியதும் பி.டி.ஓ. நெம்புகோலை விலக்கி, பிரேக் பூட்டி, எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து, மும்முனை இணைப்பு. டிராக்டரின் கீழ்க்கரங்கள் இரண்டையும் புல்வெட்டியில் மாட்டினார். பிறகு மேல்கரத்தை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஊசியைச் செருகினார்.

மூன்றாவதாகத்தான் தண்டுக்கு வந்தார். தண்டு இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். புல்வெட்டி ஏறி இறங்கும்போது தூரம் மாறுமல்லவா? அதற்காகவே இந்த அமைப்பு. நீளும்போது இரண்டு துண்டும் போதிய அளவு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது பிரிந்துவிடும். சுருங்கும்போது முட்டிக்கொள்ளவும் கூடாது. முட்டினால் டிராக்டரின் உள்ளே இருக்கும் பேரிங்கையே நசுக்கிவிடும். வேறு கருவியிலிருந்து கழற்றிய தண்டை அளந்து பார்க்காமல் மாட்டக்கூடாது என்று அவர் சொன்னதன் காரணம் இதுதான்.

நான்காவதாக, டிராக்டர் முனையைத் துணியால் துடைத்தார். முனையின் நீளவாட்டில் ஆறு வரிப்பற்கள் உண்டு. தண்டின் உள்ளே அவற்றுக்கு ஏற்ற ஆறு பள்ளங்கள். பற்களைப் பள்ளங்களுக்கு நேராக வைத்து, பூட்டுப் பொத்தானை அழுத்தியபடி தள்ளினால் தண்டு ஏறிக்கொள்ளும். பொத்தான் ‘டக்’ என்று வெளியே வந்தால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். மாமா அந்தச் சத்தத்தை நம்பவில்லை. இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

கடைசியாக, தண்டின்மேல் உள்ள பிளாஸ்டிக் உறையின் சிறு சங்கிலிகளை டிராக்டரிலும் புல்வெட்டியிலும் மாட்டினார். உள்ளே தண்டு சுழன்றாலும் உறை சுழலாமல் நிற்பதற்காக அந்தச் சங்கிலி. அது அறுந்தாலோ உறை உடைந்தாலோ உறையும் தண்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அப்போது அது கவசம் அல்ல.

பல் பொருந்தாத அந்தக் கணம்

எல்லாம் படித்தபடி நடக்கும் என்றால் விபத்து ஏன் நடக்கிறது? நான்காவது படியில்தான் விடை இருக்கிறது.

தண்டைத் தூக்கிப் பிடித்தால் கனமாக இருக்கும். கிரீஸ் வழுக்கும். குனிந்த முதுகு வலிக்கும். அந்த நேரத்தில் பற்கள் நேராக இருக்காது. தள்ளினால் ஏறாது. சற்றே திரும்பினால் போதும். ஆறு பற்கள் என்பதால், எந்த நிலையில் இருந்தாலும் ஆறில் ஒரு பங்கு சுற்றுக்குமேல் திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

அந்த ஆறில் ஒரு பங்குக்காகத்தான், “லேசா ஸ்டார்ட் பண்ணி விடு, திரும்பிடும்” என்ற குரல் எழுகிறது. தண்டைப் பிடித்தபடி ஒருவர் கீழே, சாவியைத் திருப்ப இன்னொருவர் மேலே. எஞ்சின் மெதுவாக ஓடினால்கூடத் தண்டு விநாடிக்குச் சில சுற்று சுற்றும். ஆறில் ஒரு பங்கோடு நிற்கும்படி எந்த எஞ்சினிடமும் சொல்ல முடியாது.

அன்றும் பல் பொருந்தவில்லை. உதவிக்கு வந்திருந்த பக்கத்துத் தோட்டத்து இளைஞர் இருக்கையில் ஏறிக்கொண்டு சாவி கேட்டார். மாமா நிமிரவேயில்லை. தண்டைச் சற்று வெளியே எடுத்து, கையாலேயே கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினார். இரண்டாம் முறையும் ஏறவில்லை. மூன்றாம் முறை ஏறியது.

பிறகுதான் என்னிடம் சொன்னார்: “சாவி என் பையில இருந்தாத்தான் அது நின்ன வண்டி, பாப்பா. சாவி வண்டியிலயே இருந்தா அது தூங்குற வண்டி. யாரு வேணும்னாலும் எழுப்பிடலாம்.”

சுத்தியலால் தட்டுவதும் குறுக்குவழிதான் என்றார். தட்டினால் பூட்டும் மூட்டும் சேதமாகும். பல் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் காய்ந்த கிரீஸ், மண், முனையில் உள்ள சிறு பிசிறு ஆகியவையே காரணம். துடைத்து, தேவைப்பட்டால் அரத்தால் லேசாகத் தேய்த்து, புதிதாகக் கிரீஸ் தடவினால் போதும்.

வகுப்பில் படித்ததும் தோப்பில் பார்த்ததும்

தண்டின் இரு முனையிலும் மடங்கும் மூட்டு ஒன்று உண்டு. பட்டறையில் அதைக் ‘கிராஸ்’ என்பார்கள். எதிரெதிரே இரண்டு கவைகள், நடுவில் சிலுவை வடிவில் ஓர் இரும்பு. இத்தாலியர் கார்டானோவின் பெயரையும் ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயரையும் சொல்லி வகுப்பில் படித்த அதே மூட்டு.

இந்த மூட்டுக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. மடங்கிய நிலையில் அது வேகத்தைச் சீராகக் கடத்தாது. 30 பாகை மடங்கியிருந்தால், ஒரு பக்கம் 540இல் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் 468க்கும் 624க்கும் இடையே ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இது நடக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் தண்டில் இரண்டு மூட்டுகள். முதல் மூட்டு உண்டாக்கும் ஏற்றஇறக்கத்தை இரண்டாவது மூட்டு எதிர்த்திசையில் சமன்செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு மூட்டும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும். தண்டின் நடுப்பகுதியில் உள்ள இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டைப் பிரித்துக் கழுவிவிட்டு மறுபடி சேர்க்கும்போது கவைகள் கால் சுற்று மாறிப் போனால், சமன்செய்வதற்குப் பதிலாக ஏற்றஇறக்கம் பெருகும். அதே 30 பாகையில் வேகம் 405க்கும் 720க்கும் இடையே தாவும். புல்வெட்டி அதிரும், போல்ட்டுகள் தளரும், மூட்டு உடையும்.

சில டிராக்டர்களில் நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகமும் உண்டு. 540க்குச் செய்த புல்வெட்டியை அதில் ஓட்டினால் வேகம் இரண்டு மடங்குகூட ஆகாது. ஆனால், கத்தியை வெளிப்புறமாக இழுக்கும் விசை மூன்று மடங்குக்குமேல் உயரும். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப விசை கூடும் என்பது உயர்நிலைப் பௌதிகம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1,000 சுற்று முனைக்கு ஆறு பற்களுக்குப் பதில் 21 பற்கள் வைத்தார்கள். தவறான தண்டு ஏறவே ஏறாது. இணைப்பான் ஒன்றை வாங்கி நடுவில் மாட்டுபவர், வடிவமைத்தவர் போட்ட பூட்டைத் தானே உடைக்கிறார்.

மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால், தண்டைச் சேர்க்கும்போது இரு கவைகளும் நேராக இருக்கின்றனவா என்று கண்ணை வைத்துப் பார்த்தார். “இல்லேன்னா வண்டி உதறும்” என்றார். ஒரே உண்மையை நான் சமன்பாடாகவும் அவர் அதிர்வாகவும் தெரிந்துவைத்திருக்கிறோம். இரண்டில் எது குறைந்தாலும் பொறியியல் முழுமையாகாது என்று எனக்குத் தோன்றியது.

சட்டமும் ஸ்டிக்கரும்

இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களில் பலர் கை, கால் இழந்த பிறகு, 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. பழுதுபார்க்கும்போது இயந்திரத்தின் மின்சக்தியைத் துண்டித்து, விசையைப் பூட்டி, வேலை செய்பவரே சாவியை வைத்துக்கொள்ளும் முறையை இங்குள்ள ஆலைகள் பின்பற்றுகின்றன. மாமாவின் சட்டைப் பையும் அதைத்தான் செய்கிறது.

ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை. எல்லாத் துறைகளையும் சேர்த்து, சிங்கப்பூரில் 2023இல் 36 பேரும் 2024இல் 43 பேரும் வேலையிட விபத்துகளில் உயிரிழந்தனர். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

இங்கு புல் வெட்டும், மரம் பராமரிக்கும் வேலைகளில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் அப்படிப்பட்ட ஓர் அண்ணனிடம் பேசினேன். மாமா ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். பயிற்சி வகுப்பில் தமிழில் விளக்கினார்கள் என்றார். ஆனால், தண்டின்மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரில் ஆங்கிலமும் ஒரு படமும்தான். கிரீஸும் வெயிலும் பட்டுப் படமும் அழிந்துவிடும். மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் வேலையை முடிக்கும் அவசரம் வேறு. அந்த அவசரத்தில் நினைவுக்கு வருவது, தாய்மொழியில் மனதில் பதிந்த சொல்தான் என்றார்.

அந்தப் பேச்சு என்னை யோசிக்க வைத்தது. சிங்கப்பூரில் நாம் இருமொழியில் படிக்கிறோம். தாய்மொழித் தேர்வு முடிந்ததும் பலர் தமிழை வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். பொறியியலும் தமிழும் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால், ஒரு கருவிக்கான பாதுகாப்பு அட்டையை நல்ல தமிழில் எழுதிவிட முடியும். அகராதித் தமிழ் தேவையில்லை. கிராஸ், போல்ட், பூட்டு ஊசி என்று வேலை செய்பவர் வாயில் வரும் சொல்லே போதும்.

நான் எழுதிப் பார்த்த அட்டையில் ஆறு வரிகள்தான் இருந்தன:

எஞ்சினை அணை. சாவி உன் பையில்.
துண்டு, தளர்ந்த உடை, தொங்கும் முடி வேண்டாம்.
பல் பொருந்தாவிட்டால் கையால் திருப்பு. ஸ்டார்ட் செய்யச் சொல்லாதே.
பூட்டியதும் இழுத்துப் பார்.
உறையும் சங்கிலியும் சரியாக இருந்தால் மட்டும் ஓட்டு.
அணைத்த பிறகும் கத்தி சுழலும். நின்றபின் இறங்கி வா.

அந்த அண்ணனிடம் இதைக் காட்டியபோது, மூன்றாவது வரியை முதல் வரியாக மாற்றச் சொன்னார். மற்றவை எல்லாம் தெரிந்தவர்கூட அந்த இடத்தில்தான் தடுமாறுவார் என்றார். மாற்றிவிட்டேன். அவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, தன் தங்குவிடுதி நண்பர்களுக்கு அனுப்பினார்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நீங்கள் படிக்கலாம். உங்கள் துறையிலும் இப்படி ஓர் இயந்திரம், ஒரு ரசாயனம், ஓர் ஏணி இருக்கும். அதைத் தினமும் கையாளும் தமிழ் பேசும் ஒருவரும் இருப்பார். அவரிடம் போய், எந்தப் படியில் ஆட்கள் அவசரப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலை அவர் சொல்லிலேயே எழுதுங்கள்.